மேல் சத்தம்

"எப்பவும் போலத்தான் இருக்குங்கய்யா" என்று சொல்லிவிட்டு, ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நர்ஸ் ரோஸ்லின் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டாள். நல்ல பெண்தான். டயாலிசிஸ் பிரிவில் அவள் முறை வரும் நாளில் மட்டும்தான் மயிலாத்தாள் கண்ணை மூடிக்கொள்ளாமல் ஊசிக்குக் கையை நீட்டுவாள். ஆனால் அந்த 'எப்பவும் போல' இருக்கிறதே, அது மருதாசலத்தின் தொண்டையில் மீன்முள்ளாக நின்றுவிட்டது. எப்பவும் போல என்றால் எந்த எப்பவும்? காலையில் அவர் காது வைத்துக் கேட்டது எப்பவும் போல இல்லையே. அதை நம்பித்தானே வீட்டில் அத்தனை கூத்தும் நடந்தது. அவருடைய மனைவி மயிலாத்தாளின் இடது முழங்கைக்குக் கீழே இரத்தம் வரும் குழாயையும் திரும்பும் குழாயையும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். சிறுநீரகம் கைவிட்டவர்களுக்கு அதுதான் வாசல். அது வழியாகத்தான் இரத்தம் மெஷினுக்குள் போய்ச் சுத்தமாகித் திரும்ப வேண்டும். மடை திறந்த மாதிரி இரத்தம் அங்கே பாய்வதால் அந்த இடத்தில் ஒரு சத்தம் உண்டு. தினமும் தொட்டுப் பாருங்கள், முடிந்தால் காது வைத்துப் பாருங்கள், சத்தம் நின்றால் ஓடி வாருங்கள் என்று டாக்டரம்மா எல்லோருக்கும் சொல்வதுதான். மற்றவர்கள் விரலால் தொட்டுப் பார்ப்பதோடு சரி. மருதாசலம் காதை வைத்தார். வைக்காமல் இருப்பாரா? பம்புக் கம்பெனியில் தலை நரைக்கும்வரை டெஸ்டிங்கில் நின்ற மனிதர். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பம்பின் வயிற்றில் ஊன்றி, கைப்பிடியைக் காதெலும்பில் அழுத்தி, உள்ளே தண்ணீர் என்ன பாடுபடுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். பிரித்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் இருக்கும். பாம்புச் செவி என்று அங்கே பட்டப்பெயர். அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, இல்லையென்று சொல்லமுடியாது. அதனால் இன்று காலை, காப்பிக்கு முன்னால், வழக்கம்போல அவள் கையை மடியில் எடுத்து வைத்துக் காதைப் பதித்தவர், நிமிர்ந்து, "அம்மிணி, ரத்தம் ஏறிருச்சு. கெட்டியாயிருச்சு. ரிப்போர்ட்டெல்லாம் அப்பறம் வரட்டும், இப்ப நாஞ்சொல்றேன்" என்றார். அவள் சிரித்தாள். கட்டிலை விட்டு எழுந்து சமையற்கட்டு வரைக்கும் சுவரைப் பிடிக்காமல் நடந்தாள். பீரோவிலிருந்து மாம்பழ நிறப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு, என்னமோ கல்யாண வீட்டுக்குப் புறப்படுகிற மாதிரி ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறாள். இப்போது இந்தப் பெண் எப்பவும் போல என்கிறாள்.

சின்னப் பெண், அவளுக்கு என்ன தெரியும் என்று தேற்றிக்கொண்டார். சத்தம் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பாள், இருந்தால் ஊசியைக் குத்துவாள், அவ்வளவுதானே அவள் வேலை. அந்தச் சத்தத்தில் இரண்டு இருக்கிறது என்று யார் அவளுக்குச் சொல்லியிருக்கப் போகிறார்கள்? அடியில் ஒரு 'ஹூம்'. அதற்கு மேலே, அதன் முதுகில் ஏறி உட்கார்ந்த மாதிரி, ஒரு 'ஸிர்ர்'. அடிச் சத்தம், மேல் சத்தம் என்று பம்புக்கு அவர் வைத்த பெயரையே அவள் கைக்கும் வைத்திருந்தார். கம்பெனிக்குப் புதிதாக வந்த இன்ஜினியர் சேஷாத்ரி, நல்ல மனுஷன், ஒருநாள் பம்பை ஓட்டிப் பார்க்கிற டெஸ்ட் மேடையின் மேலேயே சாக்பீஸால் கோடு கிழித்துக் காட்டினான். இது சுவர் என்று வையுங்கள் அண்ணா, சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கிற தண்ணீர் நகராது, ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதற்கு மேலே இருக்கிற தண்ணீர் அதை உரசிக்கொண்டு போகும். உரசுகிற இடத்தில் சுருள் சுருளாகப் புரளும். அந்தச் சுருள் சுவரில் மோதுகிறதுதான் உங்கள் காதுக்கு வருகிறது. தண்ணீர் தனியாக ஓடினால் அவ்வளவாகப் பேசாது, எதையாவது ஒட்டி ஓடினால்தான் பேசும். பெரிய சுருள் அடிச் சத்தம், பொடிச் சுருள் மேல் சத்தம். ஓடுகிற திரவம் கெட்டியாக ஆகப் பொடிச் சுருள்தான் முதலில் சாகும். சேஷாத்ரி அதற்கு விஸ்காசிட்டி என்று பெயர் சொன்னான், கணக்கெல்லாம் போட்டான். கணக்கு மருதாசலத்துக்கு ஏறவில்லை, ஆனால் மார்கழிக் காலையில் ஆயில் பம்பை ஓட்டினால் முனகலாக இருப்பதும், எண்ணெய் சூடேறி இளகிய பிறகு அதே பம்பு சீறுவதும் ஏன் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. மயிலாத்தாளின் இரத்தம் இளகிப் போயிருந்தது. தண்ணீர் மாதிரி. அதனால்தான் மேல் சத்தம் அப்படிச் சீறியது. இரத்தம் ஊற ஊசி மாற்றி ஊசி போட்டார்கள், ஏறவில்லை. இது கடைசி ஊசி. இந்தத் தடவையும் ஏறாவிட்டால் வெளி இரத்தம் ஏற்றத்தான் வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஏற்றினால் இப்போதைக்குத் தெம்பு வரும். ஆனால் அடுத்தவர் இரத்தத்தைப் பார்த்துப் பழகிய உடம்பு, நாளைக்கு அடுத்தவர் சிறுநீரகம் கிடைத்தாலும் அந்நியம் என்று தள்ளிவிடலாம். அந்தச் சிறுநீரகத்துக்காகத்தான் பதிவு செய்துவிட்டு, அழைப்பு வருமென்று செல்போனையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே மேல் சத்தம் அடங்கவேண்டும் என்பது மருதாசலத்தின் வேண்டுதல். மருதமலை முருகனிடம் இப்படி ஒரு வேண்டுதலை வேறு யாரும் வைத்திருக்க மாட்டார்கள். இன்று காலை அது அடங்கியிருந்தது. 'ஹூம்' மட்டும் தனியாக, சாதுவாக, மார்கழி எண்ணெய் மாதிரி. ஊசி குத்தும்போதே சோதனைக்கும் இரத்தம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். மெஷின் ஓடி முடிவதற்குள் தெரிந்துவிடும். தெரியட்டும். அவருக்குத்தான் தெரியுமே.

மெஷினின் முகப்பில் இருந்த குட்டி பம்பு, குழாயை உருட்டி உருட்டி இரத்தத்தைத் தள்ளிக்கொண்டிருந்தது. அதன் 'டக் டக்' அவருக்கு நன்றாகக் கேட்டது. மட்டமான பேரிங் என்று மனதுக்குள் திட்டினார். மயிலாத்தாள் தலையணையில் சாய்ந்தபடி ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது. "ம்" என்றார். எதற்கு 'ம்' என்று அவருக்கே தெரியாது. கொஞ்ச காலமாகவே அவள் பேச்சுக்கு இந்த 'ம்' தான். அவள் குரல் தேய்ந்துகொண்டு வருவதைக் கிட்டே இருந்து பார்க்கிற கொடுமை அவருக்கு. என்ன குரல் அது! கல்யாணமான புதிதில் சிங்காநல்லூர் லைன் வீட்டில் இருந்தபோது, கொல்லைக் குழாயில் குடத்தை வைத்துவிட்டு அங்கிருந்தே "ஏனுங்க, சோப்பெங்கீங்க?" என்று கேட்பாள், நான்கு வீட்டுக்குக் கேட்கும், அடுத்த வீட்டுக்காரர் தன் சோப்பை எடுத்து நீட்டியிருக்கிறார். அப்போதெல்லாம் அவர் அதற்குப் பதில் சொன்னதில்லை. நாளெல்லாம் பம்பின் இரைச்சலில் நின்றுவிட்டு வந்தவருக்கு வீட்டில் யாரும் பேசாமல் இருந்தால் தேவலை. அவள் பேசுவாள், இவர் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். பேசிப் பார்த்து அவளும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டாள் என்றுதான் நினைத்தார். அப்புறம் சீக்கு வந்தது. சீக்கு முதலில் அவள் பேச்சின் முனைகளைத் தின்றது. சொல்லுக்கு முன்னால் ஒரு எழுத்து வராது, கடைசியில் ஒன்று வராது, நடுவில் மட்டும் ஒரு முனகல். பாவம், மூச்சில்லை, தெம்பில்லை, இரத்தமில்லை, எங்கிருந்து வரும் பேச்சு என்று தனக்குள் புலம்புவார். காலையில் அவள் கையில் காதை வைத்துக்கொண்டு, மருந்துக்கும் டாக்டருக்கும் சம்பந்தமில்லாமல், அவர் தேடியது அந்தப் பழைய குரலைத்தான் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அவளிடம் சத்தமாக மிச்சமிருப்பது கை ஒன்றுதான் என்று நினைத்தார். அதனால் தேவைக்கு மேலேயே காதை வைத்துக்கொண்டிருப்பார். "போதுமுங்க, கை மரத்துப் போச்சு" என்று அவள் சொல்லும்வரைக்கும். அத்தனை வருஷம் பக்கத்தில் படுத்திருந்தும் இவ்வளவு நெருக்கமாக அவளை அவர் கேட்டதேயில்லை. கேட்கவேண்டும், இன்னும் கேட்கவேண்டும், அவள் "சோப்பெங்கீங்க" என்று ஒருதரம் கத்தவேண்டும், இந்தக் கிழவன் ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்து கொடுக்கவேண்டும். இரத்தம் ஏறினால் குரலும் ஏறும். ஏன் ஏறாது? அதுதான் ஏறிவிட்டதே.

பக்கத்துக் கட்டில்காரர் தலையைத் திருப்பி இந்தப் பக்கம் பார்த்தார். எதிர்க்கட்டில் அம்மாவும் பார்த்தாள். என்னவாம் என்று மருதாசலம் தன் சட்டைப் பொத்தானைத் தடவிப் பார்த்துக்கொண்டார். ரோஸ்லின் அந்தக் கோடியிலிருந்து வேகமாக வந்து, அவரைத் தாண்டிக் கையை நீட்டி, மயிலாத்தாளின் மெஷினில் ஒரு பொத்தானை அழுத்தி, மடங்கியிருந்த குழாயை நேராக்கினாள். அப்போதுதான் மெஷினின் தலையில் சிவப்பு விளக்கு மின்னியதை அவர் பார்த்தார். அவர் தோளுக்குப் பக்கத்தில் மின்னியிருக்கிறது. "அலாரம் அடிச்சுட்டே இருந்துச்சே, கூப்புடக் கூடாதுங்களாய்யா?" என்றாள் ரோஸ்லின். கோபமில்லை, அவசரம். அலாரமா? அடித்ததா? அவர் வாய்க்குள் ஏதோ முனகினார், தூங்கிவிட்டேன் என்று கூடச் சொல்லியிருக்கலாம். ரோஸ்லின் மயிலாத்தாளின் பக்கம் குனிந்து, தன் கட்டைக் குரலில், "மயிலம்மா இன்னிக்குப் புதுப் பொடவை, பேச்செல்லாம் கணீர்னு இருக்கு, அந்தக் கடேசி பெட்டு வரைக்கும் கேக்குது, என்ன விசேஷம்?" என்று கேட்டாள். கணீர் என்றா? மருதாசலம் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் ஏதோ பதில் சொன்னாள். ரோஸ்லின் சிரித்தாள். கடைசிக் கட்டிலில் படுத்திருந்தவரும் சிரித்தார். அத்தனை தூரத்திலிருந்து அவருக்குக் கேட்டிருக்கிறது. கட்டிலை ஒட்டி ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிற மருதாசலத்துக்கு வந்தது ஒரு முனகல், அதில் பாதி.

கை கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்தார். அவர் மனம் ஒரு இடத்துக்குப் போகப் பார்ப்பதும், அவர் அதைச் சட்டையைப் பிடித்து இழுப்பதுமாக இருந்தது. கணீர் என்றால் என்ன, சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லியிருப்பாள், நோயாளியைச் சந்தோஷப்படுத்துவது அவர்கள் வழக்கம். கடைசிக் கட்டில்காரர் சிரித்தது? சிரிப்பைப் பார்த்துச் சிரித்திருப்பார். அலாரம்? ஞாபகம் வேறெங்கோ இருந்தது. எல்லாவற்றுக்கும் ஒரு சமாதானம் இருந்தது, சமாதானத்துக்கா பஞ்சம். வராந்தாக் கோடியில் கை கழுவுகிற தொட்டி. எவர்சில்வர் தொட்டி, பித்தளைக் குழாய். பழக்க தோஷம், குழாயை முழுக்கத் திறக்காமல் துளித் துளியாகத் திறந்தார். வாஷருக்கும் பித்தளைக்கும் நடுவே தண்ணீர் நெருக்கியடித்துக்கொண்டு வருகிற அந்த முதல் திறப்பில் எந்தக் குழாயும் சீறும். அவருக்கு உயிரோடு இருக்கிற எந்த மனிதனை விடவும் நன்றாகத் தெரிந்த சத்தம் அது. தண்ணீர் நூலாக இறங்கியது. சீறவில்லை. இன்னும் கொஞ்சம் திறந்தார். தொட்டியில் விழுகிற தொப் தொப் கேட்டது. குழாய்க்குள் ஒன்றுமில்லை. குனிந்து காதைப் பித்தளையோடு ஒட்டினார். 'ஹூம்'. அடிச் சத்தம் மட்டும், தனியாக, சாதுவாக. கைகழுவ வந்து நின்ற ஒரு அம்மா இவர் குழாயோடு இரகசியம் பேசுவதைப் பார்த்துவிட்டு இரண்டடி பின்வாங்கினாள். மருதாசலம் நிமிரவில்லை. இரத்தத்துக்கு ஊசி போட்டார்கள், சரி. எண்ணெய்க்கு மார்கழி வந்தது, சரி. தண்ணீருக்கு என்ன வந்தது? கோயமுத்தூர் தண்ணீருக்கு யார் ஊசி போட்டது? தண்ணீர் அதே தண்ணீர், சுவர் அதே பித்தளை, பொடிச் சுருள்கள் எல்லாம் உள்ளே புரண்டுகொண்டுதான் இருக்கின்றன. மேல் சத்தம் குழாயில் இருக்கிறது. அவள் கையிலும் இருக்கிறது. 'எப்பவும் போலத்தான் இருக்குங்கய்யா.' ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இது சறுக்கல் இல்லை, ஆனைக்குக் காலே போய்விட்டது. இத்தனை வருஷம் பம்பின் சீறலை எல்லாம் அள்ளி அள்ளிக் குடித்த காது, எதைக் குடித்ததோ அதற்கே செவிடாகிவிட்டது. அப்படியானால் அவள் குரல்? தொட்டியைப் பிடித்துக்கொண்டார். அவள் குரல் தேயவே இல்லை. சீக்கு அதைத் தொடவில்லை. முழுசாக, கணீரென்று, முனை மழுங்காமல் இந்த ஊரில் இருக்கிறது. ரோஸ்லினுக்குக் கேட்கிறது, பால்காரனுக்குக் கேட்கிறது, யாரோ எவரோ கடைசிக் கட்டில்காரருக்குக் கேட்கிறது. போய்விட்டது என்று அவர் மனசுக்குள் அழுது தீர்த்த பொருள் பக்கத்திலேயே இருக்கிறது, அவருக்கு மட்டும் இல்லை. செத்துப்போனதற்காக ஏங்குவது ஒருவிதம். எதிரே உதடு அசைய இருந்துகொண்டே கைக்கு எட்டாததற்கு எப்படி ஏங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. குழாயை மூடினார். மூடிய சத்தமும் அவருக்குக் கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது ரோஸ்லின் கட்டிலருகே கையில் செல்போனோடு நின்றிருந்தாள். அவர் காதுக்காக அல்ல, இயல்பாகவே, மெதுவாக நிறுத்திச் சொன்னாள். "ரிசல்ட் வந்துருச்சுங்கய்யா. ஏறலீங்க. போன தடவைக்கு இன்னும் கொஞ்சம் எறங்கித்தான் இருக்குது. இனியும் தள்ள முடியாது, இன்னிக்கே ஒரு பை ரத்தம் ஏத்திரலாம்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க." இது முழுக்கக் கேட்டது. கேட்காமல் போயிருக்கலாம். ரோஸ்லின் போய்ச் சிவப்புப் பையோடு வந்து, பெயரையும் குரூப்பையும் இன்னொருத்தியோடு சேர்ந்து சரிபார்த்து, மாட்டிவிட்டுப் போனாள். யாருடையதோ இரத்தம், மயிலாத்தாளை நோக்கிச் சொட்ட ஆரம்பித்தது. மாம்பழ நிறப் புடவை ஜன்னல் வெயிலில் பளிச்சென்று இருந்தது. மருதாசலம் ஸ்டூலில் உட்கார்ந்து, ஊசி இல்லாத அவளுடைய வலது கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"அம்மிணி, காலைல நாஞ்சொன்னது தப்பு. ரத்தத்துல ஒண்ணுமில்ல. என்ற காதுதான் போயிருச்சு."

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு, அவர் முகத்துக்கு நேராகத் திரும்பிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக விட்டுவிட்டுப் பேசினாள். அப்படிப் பேசுவதில் அவளுக்கு நல்ல பழக்கம் இருந்ததை அப்போதுதான் கவனித்தார்.

"எனக்குத் தெரியுமுங்க. காலிங் பெல்லு அடிச்சாத் திரும்பறதில்ல. குக்கர் விசிலடிச்சா நான்தான எந்திரிச்சுப் போறேன்."

"அப்பறம் ஏன் அம்மிணி காலைல அப்பிடிச் சிரிச்ச? பொடவையெல்லாம் கட்டிட்டு?"

"நீங்க சிரிச்சீங்க. நீங்க சிரிச்சு எத்தன நாளாச்சு. உங்க காது சரியில்லீங்கன்னு அந்நேரத்துல சொல்லோணுமாக்கும்?"

கண்ணைத் துடைக்க ஒரு கை வேண்டும், கையை விட மனசில்லை. "உன்ற குரலு சீக்குல தேஞ்சு போச்சுன்னு நெனச்சுட்டிருந்தேன்" என்றார். "தெனமும் அதுக்குத்தான் அழுதேன்."

இது அவளுக்குத் தெரியாது. அவள் நினைத்திருந்தது வேறு. "நாம்பேசறது உங்களுக்கு எப்பவும் போல வேண்டாததாயிருச்சாக்கும்னு நெனச்சனுங்க" என்றாள். "அதுக்குத்தான் 'ம்'முன்னு முடிக்கறீங்கன்னு."

"வேணும்" என்றார் மருதாசலம். சத்தமாகவே சொல்லிவிட்டார் போலிருக்கிறது, பக்கத்துக் கட்டில்காரர் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மரியாதையாக மூடிக்கொண்டார். "பேசு. என்னத்த வேணும்னாலும் பேசு."

என்னத்தைப் பேச என்று அவள் கொஞ்சம் வெட்கப்பட்டாள். பையிலிருந்து இரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்காமல் அவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். முருங்கை மரத்தைப் பற்றித் தொடங்கி, தங்கை வீட்டு வழக்கு வழியாக, எங்கோ சிங்காநல்லூருக்குப் போய்விட்டாள் என்று தோன்றியது. முனகலாக வந்தது, நடுநடுவே ஒரு சொல் முழுசாக வந்தது, பிறகு ஒன்றுமில்லாமல் உதடு மட்டும். 'ம்' என்று சொல்ல வாய் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டார். "அந்த எடம் கேக்கல அம்மிணி" என்றார். அவள் நிறுத்தி, அதையே மறுபடி சொன்னாள். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு, கட்டில் சட்டத்தில் மார்பு இடிக்கக் குனிந்தார். இப்போதும் பிடிபடவில்லை.

"இன்னொருக்காச் சொல்லு" என்றார். சொன்னாள்.